ஊருக்கெல்லாம் பேனர், பெண்ணுக்கு ஒரு வார்த்தை இல்லையா?

மும்பை தாராவியில் மஞ்சள் நீராட்டு விழா என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஆளுயர பேனரில் பெண்ணின் படம் சிரிக்கும். சுற்றிலும் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா படங்கள். நெல்லையில் இருந்தும் சேலத்தில் இருந்தும் உறவினர்கள் ரெயில் ஏறி வருவார்கள். சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாகப் போகும்.

பெண் வயதுக்கு வந்த செய்தி ஊருக்கெல்லாம் தெரிகிறது. ஆனால் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

பல வீடுகளில் தெரியாது. "அதைத் தொடாதே, அங்கே போகாதே" என்ற உத்தரவுதான் அவளுக்குக் கிடைக்கிறது. விழா முடிந்த அடுத்த மாதமே எல்லாம் ரகசியம். கடைக்காரர் நாப்கினைப் பழைய பத்திரிகையில் சுற்றித் தருகிறார். திருட்டுப் பொருளா அது? விளம்பரங்களில்கூட வெகுகாலம் ரத்தத்துக்குப் பதிலாக நீலத் தண்ணீரைத்தான் ஊற்றிக் காட்டினார்கள்!

மலிவு விலையில் நாப்கின் செய்ய எந்திரம் கண்டுபிடித்த கோவை முருகானந்தத்துக்கு 2016-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாப்கின் மீதான 12 சதவீத வரியை மத்திய அரசு 2018 ஜூலையில் நீக்கியது. பொருள் வந்துவிட்டது. பேச்சுதான் இன்னும் வரவில்லை.

படக்கதை செய்த வேலை

பேச வாய் வராத இடத்தில் படம் பேசும். இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

ஜார்க்கண்ட் மாநிலம் கர்வா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் அதிதி குப்தா. ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். அவரும் உடன் படித்த துகின் பாலும் சேர்ந்து 2012-ல் "மென்ஸ்ட்ருபீடியா" என்ற முயற்சியைத் தொடங்கினர். பொதுமக்களிடம் பணம் திரட்டிப் படக்கதைப் புத்தகம் வெளியிட்டனர்.

பிங்கி, ஜியா, மீரா என்று மூன்று பெண்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்ல பிரியா என்ற டாக்டர் அக்கா. உடம்பில் என்ன மாறுகிறது, நாப்கினை எப்படி வைப்பது, என்ன சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் படம் படமாக வரைந்து காட்டினார்கள். பயமுறுத்தல் இல்லை, பாடப் புத்தக வாடையும் இல்லை. பல மொழிகளில் அது வெளிவந்துவிட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் தனிப் பயன் உண்டு. இங்கே பிள்ளைகள் பலர் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். தாய்க்குத் தமிழ் மட்டும் தெரியும். தமிழும் வாசிக்கத் தெரியாத தாய்மாரும் உண்டு. மகள் படிக்கும் பாடத்தைத் தாய் படிக்க முடியாது. ஆனால் ஒரே படத்தை இருவரும் பார்க்கலாம். விரலால் தொட்டுக் காட்டி, "இது என்னம்மா?" என்று மகள் கேட்கலாம்.

சிவப்பு முக்கோணம்

"சே! இதையெல்லாமா படம் போட்டுக் காட்டுவது?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் பழைய சிவப்பு முக்கோணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே கூசிய காலம் அது. 1960-களில் மத்திய அரசு தலைகீழான சிவப்பு முக்கோணத்தைச் சின்னமாக்கியது. அத்துடன் தாய், தந்தை, மகன், மகள் என நான்கு முகங்களையும் வரைந்தது. எழுத்தறியாதவருக்கும் புரிந்தது. சுவரிலும் பஸ்சிலும் பார்த்துப் பார்த்துக் கூச்சம் போயிற்று. அன்று நாடு முழுவதற்கும் முடிந்தது, இன்று ஒரு தெருவுக்கு முடியாதா?

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்

மாதவிலக்கு நோய் அல்ல, தீட்டும் அல்ல. கரு தங்குவதற்காகக் கருப்பையில் உருவாகும் உட்படலம், கரு தங்காதபோது ரத்தத்துடன் வெளியேறுகிறது. ஒரு தடவைக்கு வெளியேறும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிதான். 2 முதல் 7 நாள் வரை இருக்கலாம். முதல் ஓரிரு ஆண்டுகள் தேதி தவறுவது சகஜம். 4 மணி முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கினை மாற்ற வேண்டும். 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் வராவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவுதான். ஆறு படங்களில் அடங்கிவிடும். இது தெரியாததால், பொதுக் கழிப்பறைக்குப் போகக் கூசி நாள் முழுதும் ஒரே நாப்கினுடன் இருந்து புண்ணாக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. அந்த நாட்களில் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் உண்டு.

ஆண் பிள்ளைகளும் இந்தப் படங்களைப் பார்க்கட்டும். விஷயம் தெரிந்த பையன், வகுப்பில் பாவாடைக் கறையைப் பார்த்துக் கேலி செய்யமாட்டான்.

மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளில் இத்தகைய படங்களை மாட்டலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா மலரில் இரண்டு பக்கம் ஒதுக்கலாம். பேனர் வரையும் நம் இளைஞர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

தாய்மாமன்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டுப் புடவையும் வளையலும் தாராளமாக வையுங்கள். அந்தத் தட்டிலேயே ஒரு படக்கதைப் புத்தகமும் இருக்கட்டும். அதை விழா நாள் வரை காத்திராமல், பெண்ணுக்கு 9 வயது ஆனதுமே வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. முதல் நாள் ரத்தத்தைக் கண்டு, தனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டதோ என்று எந்தப் பெண்ணும் தனியே நடுங்கக் கூடாது.