பரம்பரை வியாதியாம்ல!

போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி ரெண்டு மணி. மயூர் விஹார் வீட்டில் பையனை மடியில் போட்டுக்கொண்டு நெபுலைசரோடு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ஊரிலிருந்து போன். "எல்லாம் உங்க அப்பா வழிடா. அவருக்கும் இழுப்பு இருந்துதே." பேசியது பெரியம்மா. அதற்கு முந்தின மாசம் இதே பழியை என் மனைவி வீட்டுப் பக்கம் போட்டதும் அவங்கதான் :-)

மக்களே, இந்தப் 'பரம்பரை' மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. பரம்பரையே இல்லை என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள ஒரு பகுதியை 17-ஆவது குரோமோசோமில் 2007-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் 2008-ல் வந்த அடுத்த ஆய்வை எந்தப் பெரியம்மாவும் சொல்வதில்லை. சின்ன வயசில் சிகரெட் புகைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளிடம்தான் அதே ஜீன் தன் வேலையைக் கூடுதலாகக் காட்டியதாம்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று ரெண்டு விவசாயக் கூட்டம் உண்டு. வம்சாவளியில் நெருங்கிய ஜாடை. ஆமிஷ் வீடுகளில் இன்னும் குதிரை ஏர், பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம், அதில் விளையாடும் பிள்ளைகள். ஹட்டரைட்டுகள் மெஷினுக்கு மாறிவிட்டார்கள், பிள்ளைகளும் தொழுவப் பக்கம் அதிகம் போவதில்லை. 2016-ல் வெளியான கணக்குப்படி ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட்டில் 21. இப்போ சொல்லுங்க, யார் அப்பா வழி?

லீவுக்குக் கும்பகோணம் போனபோதும் என் பையனுக்குள் இருந்தது இதே ஜீன்தான். பம்ப் பையை விட்டு வெளியே வரவில்லை. (மே மாசத்தில் டெல்லியும் நவம்பர் அளவுக்கு மோசமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.)

'பரம்பரை' என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, அதுதான் விஷயம். நுண்துகள் ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம அரசாங்கத்தின் வரம்பு 60. டெல்லி நவம்பரில் 300 என்பது சர்வசாதாரணம். 2019-ல் ஊரே மூச்சுத் திணறியபோது அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் காரட் சாப்பிடச் சொன்னார். என்னத்தச் சொல்ல... லண்டனில் எல்லா என்ற ஒன்பது வயசுப் பெண் 2013-ல் ஆஸ்துமாவில் இறந்தாள். அவள் அம்மா விடாமல் போராடி, மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020-ல் விசாரணை அதிகாரியையே பதிவு செய்ய வைத்தார். இங்கே இறப்புச் சான்றிதழில் அப்படி எழுதி யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அரசாங்கத்தைத் திட்டுவது சுலபம். எங்க வீட்டுக் கதையையும் சொல்லணும். ஒரு கொசுவத்திச் சுருள் விடும் நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. நான் ஆறு வருஷமாகப் பையன் கட்டிலுக்கடியிலேயே அதைக் கொளுத்தி வைத்திருக்கிறேன், கொசு கடிக்கக்கூடாதே என்ற பாசத்தில்!

இப்போ கொசுவலை கட்டியாச்சு. சாம்பிராணி பற்றித் தங்கமணியோடு பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகிறது. பெரியம்மா நேற்றும் போன் செய்தாங்க. "இன்ஹேலர் வேண்டாம்டா, பழகிடும்." அதற்கு ஒரு தனிப் பதிவே போடணும்.