என்.பி.ஏ. புதுமுகத் தேர்வு: குறியை மட்டும் பார்த்தால் போதுமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத இறுதியில், நாம் இங்கே காலைப் பசியாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், அமெரிக்காவில் 19, 20 வயது இளைஞர்கள் சிலரின் வாழ்க்கை மாறிவிடுகிறது. என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் 30 அணிகளும் புதிய விளையாட்டாளர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ அப்போதுதான் நடைபெறுகிறது.

முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்குத் தேர்வில் முன்னுரிமை உண்டு. முதலிடம் எந்த அணிக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு நிர்வாகமும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இந்த இளைஞர் தூரத்திலிருந்து பந்தைக் கூடையில் போடுவாரா? நம் அணிக்குப் பொருந்துவாரா?

இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பவை. 2017-ஆம் ஆண்டுத் தேர்வு அதற்குச் சரியான சான்று.

*பாஸ்டன் விட்டுக்கொடுத்த முதலிடம்*

அவ்வாண்டு முதல் வாய்ப்பு பாஸ்டன் அணியிடம் இருந்தது. அதைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவது இடத்தையும் எதிர்காலத்துக்கான ஒரு முதல் சுற்று வாய்ப்பையும் பாஸ்டன் பெற்றுக்கொண்டது. பிலடெல்பியா மார்க்கெல் ஃபல்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது. பாஸ்டன் ஜேசன் டேட்டமை எடுத்தது.

பிலடெல்பியாவின் கணக்கு வெளிப்படையானது. அங்கே ஏற்கெனவே இருந்த பென் சிமன்ஸ் பந்தைக் கொண்டுசெல்வதில் கெட்டிக்காரர். ஆனால் தூரத்திலிருந்து எறியமாட்டார். அவர் பக்கத்தில் குறி தவறாத ஒருவர் தேவைப்பட்டார். பல்கலைக்கழக ஆட்டங்களில் ஃபல்ட்ஸின் மூன்று புள்ளி எறிதல்களில் 41 விழுக்காடு கூடையில் விழுந்திருந்தன. டேட்டமுக்கோ அது 34 விழுக்காடுதான்.

ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு பருவம். ஃபல்ட்ஸ் ஆடியது 25 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஐந்து எறிதல்கள். மொத்தம் 120 என்று வைத்துக்கொண்டால், 41 விழுக்காட்டுக்கும் 34 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு எட்டு, ஒன்பது பந்துகள் மட்டுமே. வளையத்தில் பட்டு உள்ளே விழுந்த சில பந்துகள் வெளியே துள்ளியிருந்தால் இருவரும் சமமாகியிருப்பார்கள். மேலும், அப்போது பல்கலைக்கழக மூன்று புள்ளிக் கோட்டின் தூரம் 6.32 மீட்டர். என்.பி.ஏ.-இல் அது 7.24 மீட்டர்.

*காவலர் இல்லாத எறிதல்*

அதனால்தான் தேர்வாளர்கள் பலர் ஃபிரீ த்ரோ கணக்கையும் பார்க்கிறார்கள். எதிரணி தவறு செய்யும்போது கிடைக்கும் இந்த வாய்ப்பில் யாரும் மறிக்கமாட்டார்கள். கோடும் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் என்.பி.ஏ.-இல் இருந்தாலும் ஒரே தூரத்தில்தான். மணிக்கட்டும் தோளும் எவ்வளவு சீராக வேலை செய்கின்றன என்பது அங்கே தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கில் படம் தலைகீழானது. டேட்டம் 85 விழுக்காடு. ஃபல்ட்ஸ் 65 விழுக்காடு. என்.பி.ஏ.-இல் தம் முதல் பருவத்திலேயே டேட்டம் 43 விழுக்காடு மூன்று புள்ளி எறிதல்களைக் கூடையில் போட்டார். 2024-இல் பாஸ்டன் வெற்றியாளர் பட்டம் வென்றபோது அவர் அந்த அணியின் முன்னணி ஆட்டக்காரர்.

அதே 2017-இல் இரண்டாவதாகத் தேர்வான லோன்சோ பாலுக்கும் இதே கதைதான். பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளியில் 41 விழுக்காடு, ஃபிரீ த்ரோவில் 67 விழுக்காடு. என்.பி.ஏ.-க்கு வந்த முதல் ஆண்டில் மூன்று புள்ளியில் அவருக்குக் கிடைத்தது 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

ஃபல்ட்ஸின் சரிவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. முதல் பருவத்தில் அவர் 14 ஆட்டங்களே ஆடினார். எறியும் விதமே மாறிப்போனது. அந்தக் காணொளிகளைப் பகிர்ந்து பலர் சிரித்தார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்பு நெருக்கப்படும் கோளாறு இருப்பது 2018 டிசம்பரில்தான் தெரியவந்தது. எந்தப் புள்ளிவிவரமும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் அணிக்குப் பொருந்துவார் என்ற முழு நம்பிக்கையையும் ஒரே ஒரு திறனின் மேல், அதுவும் 120 பந்துகளை நம்பிக் கட்டியது பிலடெல்பியாவின் முடிவு. திறன் விழுந்ததும் பொருத்தமும் விழுந்தது. 2019-இல் அவர் ஒர்லாண்டோ அணிக்கு மாற்றப்பட்டார்.

*2025-இல் எழுந்த அதே கேள்வி*

2025 தேர்விலும் இதே கேள்வி நின்றது. நான்காவதாக கான் நூப்பலைச் சார்லட் அணி எடுத்தது. அவருக்கு மூன்று புள்ளியில் 41 விழுக்காடு, ஃபிரீ த்ரோவில் 91 விழுக்காடு. இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லாதவர் என்பதால், லமெலோ பால் ஆட்டத்தை நடத்தும் அணியில் அவருக்கு இடம் எளிதாக அமையும்.

இரண்டாவதாக டிலன் ஹார்ப்பரை எடுத்த சான் அன்டோனியோவின் நிலை வேறு. அங்கே டி'ஆரன் ஃபாக்ஸ், ஸ்டெஃபன் காசில் என்று பந்தைக் கையாளும் இருவர் ஏற்கெனவே இருந்தனர். மூவருமே தூர எறிதலுக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். அப்படியிருந்தும் அந்த அணி திறமையைத்தான் பார்த்தது. பொருத்தத்தைப் பிறகு உருவாக்கிக்கொள்ளலாம் என்று துணிந்தது.

அந்தத் துணிவுக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 2011-இல் 15-ஆவதாகத் தேர்வான காவாய் லெனர்டை அந்த அணி பரிமாற்றத்தில் பெற்றது. கடைசிப் பல்கலைக்கழகப் பருவத்தில் மூன்று புள்ளியில் 29 விழுக்காடு பெற்றிருந்த அவர், சான் அன்டோனியோவின் எறிதல் பயிற்சியில் முதல் ஆண்டிலேயே 37 விழுக்காட்டைத் தாண்டினார். ஓர் இளைஞருக்கு எந்த அணி கிடைக்கிறது, அங்கே யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதும் பொருத்தத்தில் சேர்த்திதான்.

லோன்சோ பாலும் பின்னர் தம் எறியும் முறையை மாற்றிக்கொண்டார். 2021-22 பருவத்தில் சிகாகோ அணிக்காக அவர் எட்டியது 42 விழுக்காடு. 20 வயதில் அவருக்குக் குறியே இல்லை என்று எழுதியவர்கள், 24 வயதில் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.