முகாம்களிலிருந்து மீளும் பிள்ளைகளின் ஆரோக்கியம்: எமது நிலைப்பாடு

1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் பின்வந்த யுத்தத்துக்கும் அஞ்சிப் பாக்குநீரிணையைக் கடந்து, மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பிற முகாம்களிலும் தஞ்சம் புகுந்த எம்மவருட் சிலர், அங்கே பிறந்த பிள்ளைகளோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மீண்டுவரும் இந்நாளில், அப்பிள்ளைகளின் ஆரோக்கியம் எவர் பொறுப்பு என்னும் வினாவுக்கு விடை கூறுவது கடமையென எமது சங்கம் கருதுகின்றது.

அரசாங்க வைத்தியசாலை இலவசமாயிருக்கக் குறை யாது என்பார் உளர். காய்ச்சலோடு வரும் பிள்ளையிடம் கடவுச்சீட்டுக் கேட்கும் வைத்தியரை யாமும் அறியோம். ஆயினும் நிறை பார்ப்பதும், பருவந்தவறாது ஊசி இடுவதும், குடும்பநல உத்தியோகத்தர் வீடுதேடி வருவதும் அவ்வப்பகுதிப் பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னரே ஒழுங்காக நிகழ்வன. உறவினர் வீடுகளில் மாறிமாறித் தங்கும் குடும்பமோ, கையில் பத்திரமின்மையால் பணிமனை வாயிலை அணுகவே கூசுகின்றது. பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களிலும், இங்கே இரண்டு, நான்கு, ஆறு மாதங்களிலும் இடப்படுவதால், அக்கரை அட்டை இக்கரை அட்டவணையோடு ஒட்டுவதில்லை. அட்டை தொலைந்துவிட்டாலோ தாயின் ஞாபகமே சாசனம்.

காப்புறுதியின் கதை இன்னும் விசித்திரமானது. அகதியாயிருந்தபோது தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துள் அடங்கிய பிள்ளை, பெற்றோரின் சொந்த மண்ணை மிதித்ததும் அதனை இழக்கின்றது. 2017இல் இங்கு தொடங்கப்பெற்ற சுரக்ஷா காப்புறுதியோ பாடசாலை மாணவர்க்கே உரியதாகலின், பள்ளிப்பருவம் எய்தாத குழந்தைக்கும் அனுமதி தாமதித்த சிறுவனுக்கும் எட்டாது.

வெளிநாட்டிற் பிறந்த பிள்ளை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டப்படி வம்சாவழிப் பிரஜையாகப் பதியப்படல் வேண்டும் என்பதை யாம் ஈண்டு விவாதிக்கவில்லை. அப்பதிவு முடியுமட்டும் சின்னமுத்து காத்திராது என்பதே எமது வாதம். (1848இல் மானிப்பாயில் வைத்தியக் கல்வி தொடங்கிய அமெரிக்கரான கிறீனிடம் எம் முன்னோர் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டிருப்பரேல், இழப்பு யாருக்கு?)

ஆதலின், பிள்ளை எவ்வீட்டில் உறங்குகின்றதோ அப்பகுதிக் கிளினிக்கில், கிராம உத்தியோகத்தரின் உறுதியோடோ, அதுவும் இல்லையேல் அயலவர் வாக்கோடோ, வந்த வாரத்திலேயே பெயர் பதியப்படல் வேண்டும். முகாம் அட்டையைச் சான்றாக ஏற்று விடுபட்ட ஊசிகளை மட்டும் இடல் வேண்டும். பாடசாலை அனுமதி கிட்டும்வரை சுரக்ஷாவுக்கு ஈடான உதவியை மாகாண நிர்வாகம் வழங்கல் வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயம், திரும்ப விரும்பும் குடும்பங்களின் பிள்ளைகளை முகாம்களுக்கே சென்று பதிந்தளிக்குமாயின், இக்கோரிக்கைகளுட் பாதி தேவையற்றுப்போம்.