பை நிறைய இனிப்பு, வழி நெடுக விழிப்பு

 

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கத்தார் நாட்டின் தோஹா நகரில் மனைவி மக்களுடன் வசித்து வருகிறார். அண்மையில் அவரிடமிருந்து ஒரு நீண்ட மடல் வந்தது. சென்ற ரமளான் பிறை 14 இரவில், அவருடைய ஏழு வயது மகன் இனிப்புப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எதிர்வரிசையில் விளக்கெரிந்த வீட்டை நோக்கித் தெருவின் குறுக்கே ஓடியிருக்கிறான். வந்த கார் அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அல்லாஹ் காப்பாற்றினான். "இந்த ஆண்டு பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடலாமா, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்கிறார்.

அந்த இரவின் சிறப்பை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். கத்தாரில் இதற்குக் 'கரங்காவோ' என்று பெயர். குவைத்தில் 'கிர்கியான்' என்பர். ஓமானில் 'கரன்கஷூ' என்பர். ஐக்கிய அரபு அமீரகத்தில் இதை ஒத்த 'ஹக் அல் லைலா' ஷஃபான் மாத நடுவில் நிகழ்கிறது. நோன்பு திறந்தபின் சிறுவர் சிறுமியர் மரபுடை அணிந்து, துணிப்பையுடன் அண்டை வீடுகளின் வாசலில் நின்று பாடுவர். அவ்வீட்டுப் பிள்ளையை இறைவன் அவன் தாய்க்காகக் காத்தருள வேண்டும் என்பதே அப்பாடலின் கருத்து. வீட்டார் நிலக்கடலை, பாதாம், அக்ரூட், மிட்டாய் முதலியவற்றை அள்ளி வழங்குவர்.

இது மார்க்கம் விதித்த கடமையன்று, அந்நாட்டார் வழக்கமே. இதனை ஏற்காத அறிஞர்களும் உளர். ஆகவே பிள்ளையை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. அனுப்ப விரும்பாதவர் தம் நிலையில் இருக்கலாம்.

என் மாணவரின் தாயாருக்கோ வேறொரு கவலை: "நம் பிள்ளை வீடு வீடாகக் கையேந்துவதா?" அந்த அம்மையாருக்கு ஒன்றை நினைவூட்டுவேன். நம்மூர்ப் பள்ளிவாசலில் அஸருக்குப்பின் நோன்புக்கஞ்சி வாங்கத் தூக்குவாளியுடன் சிறுவர்கள் வரிசையில் நிற்பதில்லையா? அதை எவரும் யாசகம் என்று சொன்னதில்லை. கொடுப்பவர் மகிழ்ந்து காத்திருக்கும் இடத்தில் பெறுவது இழிவாகாது.

இனி ஆபத்தைப் பற்றிப் பேசுவோம். அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் மாலையில் பிள்ளைகள் இவ்வாறே வீடு வீடாகச் செல்கின்றனர். அவ்விழாவின் பின்னணி வேறு. நாம் எடுத்துக்கொள்வது படிப்பினையை மட்டுமே. 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து மற்ற மாலைகளைவிட அந்த மாலையில் 43 விழுக்காடு அதிகம் என்றும், நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழப் பத்து மடங்கு என்றும் அது கூறியது. இருள், குதூகலம், வாகனம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது நேர்வது இது. தோஹாவிலும் அம்மூன்றும் உண்டு.

எனவே என் மாணவருக்கு எழுதிய மறுமொழி இது: "பிள்ளையை நிறுத்த வேண்டாம், வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்."

முதல் நாள் மாலையே தந்தையும் பிள்ளைகளும் அத்தெருவில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அறிமுகமான குடும்பங்களாக 15 அல்லது 20 வீடுகள் போதும். ஒரு வரிசையை முழுமையாக முடித்து, வெளிச்சமுள்ள ஓரிடத்தில் தெருவைக் கடந்து, மறுவரிசை வழியே திரும்ப வேண்டும். இவ்வாறு செய்தால், வீட்டெதிரே கடப்பதையும் சேர்த்து, இரண்டே முறை பெரியவர் கையைப் பிடித்துக் கடந்தால் போதும். அங்கொரு வீடு, இங்கொரு வீடு என்று குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுதான் சென்ற ஆண்டின் தவறு.

மஃரிபுக்கு முன் புறப்படலாகாது. நோன்பு திறக்க விரைவோரின் வாகனங்கள் பாயும் நேரம் அது. தொழுது, சிறிது உண்டு புறப்பட்டால், இஷாவுக்கு முன் ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். உயர்ந்த மதிற்சுவர்களுள்ள வீடுகளில், வாயிலிலிருந்து பின்னோக்கி வரும் காருக்குச் சிறு பிள்ளை தெரியாது. ஆகவே வாகன வாயிலை விட்டு விலகி நிற்கப் பழக்குங்கள். வெளிர்நிற உடையும் கையில் டார்ச் விளக்கும் தேவை. பிறை 14இன் நிலவு அழகுக்குத்தான். ஓட்டுநர் கண்ணுக்கு அது போதாது.

அமெரிக்கரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு: வாசல் விளக்கு அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தட்டுவதில்லை. நம் பிள்ளைகளும் வாசல் திறந்திருக்கும் வீட்டுக்கே செல்லட்டும். மூடிய வீட்டில் நோயாளி இருக்கலாம், துயரம் இருக்கலாம்.

வீடு திரும்பியபின் பையைத் தாயார் பார்வையிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலையோ பாதாமோ தரலாகாது, தொண்டையில் சிக்கிவிடும். கடலை ஒவ்வாத பிள்ளை இருந்தால் அதனை முதலிலேயே பிரித்து எடுத்துவிடுங்கள். எஞ்சியதில் ஒரு பங்கைக் காவலாளிக்கும், தனியே வாழும் நம் தொழிலாளச் சகோதரர்களுக்கும் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பெற்ற கை கொடுக்கவும் கற்கட்டும்.

மாணவர் மீண்டும் எழுதியிருக்கிறார். மகன் தானே தெருப்படம் வரைந்து, கடக்கும் இடத்தில் தந்தையின் கையையும் வரைந்திருக்கிறானாம். அந்தக் கையை அவன் விடாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.