பழம்தானே, என்ன செய்யும்?

விருந்தாளி வந்தால் தட்டில் ஆப்பிள் நறுக்கி வைக்கிறோம். "வேண்டாங்க, ஒத்துக்காது" என்று அவர் சொன்னால் விடுகிறோமா?

"அட, பழம்தானே சார், என்ன செய்யும்? சும்மா சாப்பிடுங்க!"

சிலருக்குச் செய்யும். வயிறு உப்பும். கடமுடா என்று உருளும். பஸ்சில் பாதி வழியில் இறங்கி இடம் தேட வேண்டி வரும். வெளியே சொல்ல வெட்கம்!

பழத்தில் உள்ள ஒரு சர்க்கரைக்கு பிரக்டோஸ் என்று பெயர். சிறுகுடல் அதை ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். சிலருக்கு அந்த அளவு மிகக் குறைவு. மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். வாயு கிளம்பும். வயிறு போகும்.

இது பாசாங்கு அல்ல. இதற்கு மூச்சுப் பரிசோதனையே இருக்கிறது. பிரக்டோஸ் கரைத்துக் குடிக்கச் செய்து, மூச்சில் ஹைட்ரஜன் கூடுகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள்.

அதற்காகப் பழத்தையே தலைமுழுக வேண்டுமா? வேண்டாம். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தர்பூசணி, தேன் ஆகியவற்றில் பிரக்டோஸ் தூக்கல். அவற்றைத் தள்ளி வையுங்கள். ஆரஞ்சு, பப்பாளி, ரொம்பக் கனியாத வாழைப்பழம்... இவை அளவோடு சாப்பிட்டால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஜூஸ் வேண்டாம். இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். வெங்காயம், பூண்டும் சிலருக்கு இதே வேலையைக் காட்டும். சோற்றுக்குப் பயமில்லை.

ஒரு எச்சரிக்கை. பழமோ சர்க்கரையோ கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டால், அது வேறு நோயாக இருக்கலாம். கல்லீரலையே கெடுக்கும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இன்னொரு ஆசாமி 'சுகர் ப்ரீ' மிட்டாயில் ஒளிந்திருக்கிறான். பெயர் சார்பிட்டால். பிரக்டோசோடு சேர்ந்தால் வயிற்றை இன்னும் கலக்கிவிடுவான். பாக்கெட்டில் அவன் நம்பர் 420! பழைய இ.பி.கோ. தெரிந்தவர்களுக்கு மறக்காது.

அந்த நம்பரை எறும்பு எழுத்தில் போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? பெரிதாகப் போடட்டும். சில்லறையாக நிறுத்து விற்கும் ஸ்வீட் கடைக்காரர்களும், எதைப் போட்டு இனிப்பாக்கினோம் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாமே!

வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவுகூட இல்லை. "ஒத்துக்காது" என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். அது போதும்.