புதைத்த வரலாறு பேசுகிறது!

2020 ஜூலை 3 அன்று பிரான்சிலிருந்து ஒரு ராணுவ விமானம் அல்ஜியர்ஸ் நகரில் வந்திறங்கியது. தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளில் 24 மண்டை ஓடுகள்! பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டு, தலை வெட்டப்பட்டு, பாரிஸ் அருங்காட்சியகத்தின் அட்டைப் பெட்டிகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடந்த தியாகிகளின் எச்சங்கள் என்று அறிவிக்கப்பட்டது. 1849இல் ஸாட்சா பாலைவனச் சோலையில் முற்றுகையை எதிர்த்து நின்ற ஷேக் பூஸியானின் தலையும் அவற்றில் ஒன்று. இரண்டு நாள் கழித்து, விடுதலை நாளான ஜூலை 5 அன்று, அரசு மரியாதையுடன் அவை நல்லடக்கம் செய்யப்பட்டன.

அந்தத் தலைகள் அங்கே கிடப்பதை உலகுக்குச் சொன்னவர் யார்? அரசாங்கமா, தூதரகமா? இல்லை. அலி ஃபரீத் பெல்காதி என்ற அல்ஜீரிய ஆய்வாளர்தான் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தேடித் துருவி 2011இல் செய்தியை வெளியே கொண்டு வந்தார். அதன் பிறகே கையெழுத்து இயக்கம், பத்திரிகைகள், பேச்சுவார்த்தை எல்லாம்.

கதை அத்துடன் முடியவில்லை. 24இல் 6 பேர் மட்டுமே போராளிகள் என உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள். மற்றவர்களில் சிறையிலிருந்த திருடர்களும், பிரெஞ்சுப் படையிலேயே சேவை செய்த அல்ஜீரியச் சிப்பாய்களும் உண்டு என்பது 2022இல் ஆவணங்களுடன் வெளிவந்தது. பிரான்ஸ் அவற்றை நிரந்தரமாகத் தரவுமில்லை, ஐந்தாண்டுக் கடனாகத்தான் தந்தது என்பதும் தெரிந்தது. அவசர அவசரமாக விழா எடுக்க நினைத்த இரண்டு அரசுகளும் ஆய்வாளர்கள் வேலையை முடிக்கும் வரை பொறுத்திருக்கவில்லை!

அல்ஜீரியாவின் 132 ஆண்டு அடிமை வரலாற்றை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வரலாறு வெளியே வந்த விதத்தை நாம் கேட்டதில்லை. படித்த இளைஞர்களும் கணக்குத் தெரிந்த வணிகப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய பகுதி அதுதான் என்பதால் இந்த இதழின் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

வணிகர்களுக்குப் புரியும் இடத்திலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிரான்சுக்கு அல்ஜீரியாவிலிருந்து கோதுமை போயிற்று. சரக்கு போனது, பணம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் பாக்கி இழுத்தடிக்கப்பட்டது. 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுசைன், பாக்கி விவகாரத்தில் திமிராகப் பேசிய பிரெஞ்சுத் தூதரை ஈ விரட்டும் விசிறியால் தட்டினார். அந்த ‘அவமானத்தை’ சாக்காக வைத்து 1830இல் படை வந்தது. கடன்காரன் கடன் கொடுத்தவனின் கடையையே பறித்துக்கொண்டான்! நகரம் வீழ்ந்ததும் கருவூலத்திலிருந்து சுமார் 4 கோடியே 80 லட்சம் பிராங்க் எடுக்கப்பட்டதாகப் பிரெஞ்சு அரசே கணக்குக் காட்டியது. கணக்கில் வராதது எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

சரணடைந்தபோது எழுதிய ஒப்பந்தத்தில் மதத்துக்கும் சொத்துக்கும் வணிகத்துக்கும் பங்கம் வராது என்று தளபதி கையெழுத்திட்டிருந்தார். மை காய்ந்த சில மாதங்களிலேயே வக்ஃபு சொத்துகளைக் கைப்பற்றும் ஆணைகள் வந்தன. 1832இல் கெச்சாவா பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. 1962இல்தான் அது மீண்டும் பள்ளிவாசலாயிற்று. இதையெல்லாம் முதன்முதலில் ஆவணங்களுடன் எழுதிப் பாரிஸிலேயே அச்சிட்டவர் ஹம்தான் கோஜா. ஆண்டு 1833. அவர் சட்டம் அறிந்தவர், அத்துடன் பெரும் வணிகரும்கூட. பிரான்ஸ் தன் ஒப்பந்தத்தை எங்கெங்கே மீறியது என்று, வரவு செலவு சரிபார்ப்பவரைப் போல வரி வரியாகச் சுட்டிக் காட்டினார். அல்ஜீரியாவின் காலனி வரலாற்று ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி என்று மற்றவர்கள் சொல்வார்களே, அப்படித் தொடங்கி வைத்தவர் ஒரு வியாபாரி!

நிலம் பறிபோன கதையை வரலாற்றாசிரியர்கள் சட்டப் புத்தகங்களிலிருந்தும் பதிவேடுகளிலிருந்தும்தான் தோண்டி எடுத்தார்கள். துப்பாக்கியால் பறித்தது ஒரு பங்கு. 1871இல் முக்ரானி தலைமையில் நடந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், 3 கோடியே 60 லட்சம் பிராங்க் தண்டம் விதித்து, ஏறத்தாழ நாலரை லட்சம் ஹெக்டேர் நிலத்தையும் பறிமுதல் செய்தார்கள். சட்டத்தால் பறித்ததோ இன்னும் நுட்பமானது. 1873ஆம் ஆண்டின் வார்னியே சட்டம், குடும்பத்துக்கும் குலத்துக்கும் பொதுவான நிலத்தைத் தனித்தனிப் பங்காக்கியது. ஒரு தரகர் எங்கோ ஒரு பங்காளியிடம் சிறு பங்கை வாங்குவார். பிறகு, ‘பாகம் பிரிக்க முடியாது, முழு நிலத்தையும் ஏலம் விடுங்கள்’ என்று நீதிமன்றம் போவார். வக்கீல் கட்டணமும் முத்திரைச் செலவும் சேர்ந்து மற்றப் பங்காளிகளை முழுங்கிவிடும். ஏலத்தில் எடுப்பவரும் அதே தரகர்தான்! கூட்டுப் பட்டா வழக்கு நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பறித்த மண்ணில் என்ன விளைந்தது? திராட்சை! பிரான்சின் கொடிகளைப் பூச்சி தின்றுவிட்ட காலத்தில் அல்ஜீரியாவின் வயல்கள் மதுவுக்கான திராட்சைத் தோட்டங்களாயின. 1930களில் சுமார் 4 லட்சம் ஹெக்டேர். மது அருந்தாத மக்களின் நாடு உலகிலேயே அதிக மதுவை ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. தானியம் விளைந்த நிலம் போதைக்குப் போனது, மண்ணுக்குரியவன் அந்தத் தோட்டத்திலேயே கூலிக்கு நின்றான்.

அரசியல் உரிமையின் நிலை என்ன? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம்கள் பிரான்சின் ‘பிரஜைகள்’, ஆனால் ‘குடிமக்கள்’ அல்லர். குடியுரிமை வேண்டுமானால் ஷரீஅத் தனியார் சட்டத்தை விட்டுவிட வேண்டும். மிகச் சொற்பமானவர்களே விட்டார்கள். விடாதவர்களுக்கு 1881 முதல் தனித் தண்டனைச் சட்டம்: அனுமதியின்றிப் பயணம் செய்தால் குற்றம், அதிகாரியை மதிக்காவிட்டால் குற்றம். 1882இல் வந்த சட்டம் பரம்பரைப் பெயர் வழக்கத்தையே மாற்றி, பிரெஞ்சு முறைப்படி குடும்பப் பெயர் சூட்டியது. 1947இல் ‘சீர்திருத்தம்’ என்று சொல்லிச் சட்டமன்றம் அமைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியர்களுக்கு 60 இடம், எண்பது லட்சத்தை நெருங்கிய முஸ்லிம்களுக்கும் 60 இடம்! அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அந்த 60 இடத்துக்கும் வாக்குப் பெட்டியிலேயே மோசடி.

இவையெல்லாம் எழுதப்பட்ட சட்டங்கள், ஆதலால் எவராலும் மறுக்க முடியாது. விடுதலைப் போரில் (1954-1962) நடந்தவையோ மறுக்கப்பட்டன. போர் என்ற சொல்லையே பிரான்ஸ் 1999 வரை சட்டத்தில் ஏற்கவில்லை. ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’யாம்!

மொரிஸ் ஓடான் 25 வயதுக் கணித ஆசிரியர். ஐரோப்பிய வம்சத்தவர், கம்யூனிஸ்ட், அல்ஜீரிய விடுதலையை ஆதரித்தவர். 1957 ஜூன் 11 அன்று பாராசூட் படையினர் அல்ஜியர்ஸில் அவரைக் கைது செய்தார்கள். பிறகு ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றார்கள். பண்டைய கிரேக்க வரலாறு படித்த பியர் விடால்-நாக்கே என்ற இளம் அறிஞர், ராணுவத்தின் சொந்த அறிக்கைகளையே எடுத்து வைத்து ஒப்பிட்டார். நேரமும் இடமும் சாட்சியமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தப்பி ஓடியது நாடகம், சித்திரவதையில் இறந்தார் என்று 1958இலேயே புத்தகம் போட்டார். அரசு அதை ஒப்புக்கொள்ள எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? அறுபது! 2018 செப்டம்பர் 13 அன்று அதிபர் மக்ரோன் ஓடானின் மனைவி ஜோசெத்தின் வீட்டுக்கே போய் அரசின் பொறுப்பை ஏற்றார்.

ஓடான் ஐரோப்பியர் என்பதால் உலகம் கேட்டது. அதே ஆண்டு அதே நகரில் காணாமல் போன முஸ்லிம்கள்? அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தில் இருந்து மனசாட்சியோடு பதவி விலகிய பால் தெத்ஜென் அவர்களின் எண்ணிக்கை 3,024 என்று சொல்லியிருந்தார். மலிக்கா ரஹால், ஃபப்ரீஸ் ரிசெபுத்தி என்ற இரு வரலாற்றாசிரியர்கள் 2018இல் ஒரு காரியம் செய்தார்கள். 1957இல் குடும்பத்தார் ‘என் மகன் எங்கே, என் கணவன் எங்கே’ என்று கேட்டதற்கு நிர்வாகம் எழுதி வைத்த குறிப்புகள் காப்பகத்தில் இருந்தன. அந்தப் பெயர்களைப் பொதுவில் வெளியிட்டார்கள். பிள்ளைகளும் பேரன்களும் பதில் எழுதினார்கள், புகைப்படங்கள் அனுப்பினார்கள். ‘அவர் திரும்பி வரவே இல்லை’ என்ற சாட்சியங்கள் குவிந்தன. மாடியிலிருந்து ‘குதித்துத் தற்கொலை’ செய்துகொண்டார் என்று சொல்லப்பட்ட வழக்கறிஞர் அலி பூமெஞ்சல் கொலை செய்யப்பட்டவரே என்பதை 2021லும், தலைவர் அல் அரபி பின் மஹீதியைக் கொன்றது ராணுவமே என்பதை 2024லும் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது.

ழான்-லுக் ஐனோதியைப் பற்றி நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டும். அவர் பேராசிரியர் அல்லர். சிறார் நலத்துறையில் வேலை பார்த்த ஒரு சாதாரண ஊழியர். 1961 அக்டோபர் 17 இரவு, ஊரடங்கை எதிர்த்துப் பாரிஸ் தெருக்களில் அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைக் காவலர்கள் அடித்துக் கொன்றார்கள். செய்ன் நதியில் வீசினார்கள். அரசுக் கணக்கில் சாவு விரல்விட்டு எண்ணும் அளவே. காவல்துறை ஆவணங்கள் மூடப்பட்டிருந்த நிலையில், ஐனோதி சாட்சிகளையும் கல்லறைப் பதிவேடுகளையும் தேடி அலைந்து 1991இல் நூல் எழுதினார். சுமார் 200 பேர் என்றார். அன்றைய காவல் தலைவர் மொரிஸ் பாப்போன் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார். 1999இல் வழக்குத் தோற்றது! பாரிஸ் காப்பகத்தில் பணிபுரிந்த பிரிஜித் லெனே, பிலிப் கிராண் இருவரும் பதிவேடுகளில் தாங்கள் கண்டதை நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்குப் பரிசாகப் பல ஆண்டுகள் வேலை எதுவும் தரப்படாமல் ஓரங்கட்டப்பட்டார்கள். அவர்கள் இருவரும் முஸ்லிம்கள் அல்லர். சத்தியத்துக்குச் சாட்சி சொன்ன அந்தப் பெண்ணையும் ஆணையும் நன்றியோடு நினைக்கிறோம்.

சகோதரர்களே, மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாமும் மறைத்தவர்களாவோம். விடுதலைக்குப் பின் அல்ஜீரிய அரசும் ஒரே ஒரு கட்சி வரலாற்றைத்தான் பாடப்புத்தகத்தில் வைத்தது. விடுதலை முன்னணியில் இருந்தவரான முஹம்மத் ஹர்பி, 1965 ராணுவப் புரட்சிக்குப் பின் சிறையும் வீட்டுக் காவலும் அனுபவித்து, 1973இல் நாட்டை விட்டுத் தப்பி, 1980இல் அந்த முன்னணியின் உட்பூசல்களை ஆவணங்களோடு எழுதினார். 1957 மே மாதம் மெலூஸாவில், போட்டி இயக்கத்தை ஆதரித்த கிராமத்தவர் சுமார் 300 பேரைக் கொன்றது விடுதலை முன்னணியே. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் கலிமா சொன்னவர்கள்! 1962க்குப் பின் பிரெஞ்சுப் படைக்குத் துணைநின்ற ‘ஹர்கி’கள் பழிவாங்கப்பட்ட கதையும் உண்டு.

எண்ணிக்கையிலும் அப்படியே. 15 லட்சம் தியாகிகள் என்பது அல்ஜீரிய அரசின் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் சில லட்சங்கள் என்கிறார்கள். இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. ஏன் வரவேண்டும்? 90 லட்சம் பேர் கொண்ட ஒரு சமுதாயத்தில் சில லட்சம் ஜனாஸாக்கள் போதாதா? இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைக்கப்பட்டார்களே, அது போதாதா? அந்த முகாம்களுக்கே சென்று பியர் பூர்தியூவும் அப்துல் மாலிக் சய்யாதும் செய்த ஆய்வு 1964இல் நூலாக வந்தது. கூட்டிச் சொன்ன ஓர் எண் பொய்யானால், எதிரி அதைப் பிடித்துக்கொண்டு உண்மையான ஒன்பதையும் பொய் என்பான். ஹதீஸ் அறிவிப்பாளரின் தரத்தைச் சல்லடை போட்டுச் சலித்த முன்னோர்களின் வாரிசுகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா?

ஆய்வு நடக்கத் தாள்கள் வேண்டும். பிரான்ஸ் வெளியேறியபோது ஆட்சி ஆவணங்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டது. அவை தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. கைப்பற்றப்பட்ட உதுமானியர் காலத்து வக்ஃபு ஏடுகளும் அழியாமல் பிழைத்தன. மக்கா, மதீனா ஏழைகளுக்காக அல்ஜியர்ஸ் மக்கள் விட்டுச் சென்ற ஹரமைன் வக்ஃபின் வரவு செலவை அந்த ஏடுகளிலிருந்து ஆராய்ந்து 1998இல் நூல் எழுதியவர் மிரியம் ஹோக்ஸ்டர். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழக அறிஞர்! நம் வக்ஃபின் கணக்கைப் பிறர் உட்கார்ந்து படிக்கிறார்கள். குறை சொல்லவில்லை, நன்றாகவே படித்திருக்கிறார்.

நம்மிடமோ வரலாற்றுத் துறைக்குப் போகும் பிள்ளையை ‘வேறு எதுவும் கிடைக்கவில்லையா?’ என்று கேட்கிறோம். பொறியியலுக்கு நன்கொடை கட்டும் செல்வந்தர்கள் ஒரு வரலாற்று மாணவனுக்கு மூன்றாண்டுச் செலவை ஏற்கத் தயங்குகிறார்கள். பழைய ஜமாஅத் பதிவேடுகளும், வக்ஃபு பத்திரங்களும், ரங்கூன், பினாங்கு கடைகளின் பேரேடுகளும் வீடு இடிக்கும்போது எடைக்குப் போகின்றன.

எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் இருப்பவை அல்ஜீரியாவின் தாள்கள் மட்டுமல்ல. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதியின் ஆவணங்களும் அங்கே உண்டு. தனியார் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம், வந்தால் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணை 1881இல் நம் கடற்கரைக்கும் வந்ததே! காரைக்கால் முஸ்லிம்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள், யார் துறந்தார்கள், யார் மறுத்தார்கள், காஜியார் என்ன சொன்னார்? பிரெஞ்சு தெரிந்த ஓர் இளைஞர் இரண்டு கோடை விடுமுறை அங்கே உட்கார்ந்தால் தேடத் தொடங்கலாம். அனுப்பி வைக்க முன்வரும் வணிகர்கள் எமது அலுவலகத்துக்கு எழுதுங்கள்.