ஏசி சத்தம் போட்டால் கேஸ் தீர்ந்துவிட்டதா?

அக்னி நட்சத்திரம் நெருங்கும் வாரங்களில் சென்னை அடுக்குமாடி வீடுகளில் தவறாமல் நடக்கும் உரையாடல் இது. “ஏசி கடகடங்குதுப்பா, என்னன்னு பாரு” என்கிறார் வீட்டுக்காரர். மெக்கானிக் இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “கேஸ் இறங்கிடுச்சு சார், டாப்அப் பண்ணா சரியாயிடும்” என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அடுத்த சித்திரையிலும் அதே சத்தம், அதே பதில்.

சத்தம் வந்தால் கேஸ் குறைந்துவிட்டது, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றித்தான் ஆகவேண்டும் என்பதைப் படித்தவர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை.

ஏசிக்குள் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டரில் இருப்பதைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் வேலை. ஓட்டை விழாதவரை அளவு குறையாது. சமையலறையில் நிற்கும் ஃப்ரிட்ஜும் இதே முறையில்தான் ஓடுகிறது. பத்து, பதினைந்து ஆண்டு உழைக்கும் ஃப்ரிட்ஜுக்கு யாராவது ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுகிறார்களா? ஸ்பிளிட் ஏசியில் உள்ள முக்கிய வேறுபாடு, இன்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் செம்புக் குழாய்களை வீட்டில் வைத்து நட்டு போட்டு முடுக்குவதுதான். அந்த இணைப்பு சரியாக அமையாவிட்டால் அங்கே கசியும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அரித்துக் காயிலில் ஊசித்துளை விழுவதும் உண்டு. எப்படிக் கசிந்தாலும் அது பழுது. ஆண்டுச் செலவு அல்ல.

அப்படியானால் சத்தம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காற்றும் தூசியும் பிளாஸ்டிக்கும் இரும்பும் எழுப்பும் சத்தம் அது. இன்டோருக்குள் உருளை போன்ற ப்ளோயர் ஒன்று சுழல்கிறது. அதன் இதழ்களில் தூசி ஒரு பக்கமாகப் படிந்தால் எடை சமமில்லாமல் ஆடி, கடகடவென்று அடிக்கும். புஷ் தேய்ந்தால் கீச்சிடும். ஏசியைப் போட்டதும் அணைத்ததும் வரும் ‘டிக் டிக்’ ஓசை, குளிர்ச்சியில் பிளாஸ்டிக் உடல் சுருங்கி விரிவதால் வருவது. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அணைத்தபின் கேட்கும் ‘உஸ்’ ஓசையும் அப்படித்தான்: குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகிறது.

பலரைப் பயமுறுத்தும் ‘பொளக் பொளக்’ ஓசைக்கு ஒரு சோதனை உண்டு. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். அதை ஈடுகட்ட வெளிக்காற்று வேறு வழியில்லாமல் ஏசியின் டிரெயின் பைப் வழியாக, அங்கே நிற்கும் தண்ணீரைக் குமிழியிட்டுக்கொண்டு ஏறும். ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதுதான். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

“கேஸ் ஏத்துனதும் சத்தம் நின்னுடுச்சே” என்பார்கள். நின்றது உண்மைதான். ஆனால் கேஸ் ஏற்றுவதற்கு முன் அந்த மெக்கானிக் பம்ப் வைத்து வாட்டர் சர்வீஸ் செய்திருப்பார், தளர்ந்த ஸ்குரூவை இறுக்கியிருப்பார். ப்ளோயரின் அழுக்கு போனதால் சத்தம் நின்றிருக்கும்; பெயர் மட்டும் கேஸுக்குப் போய்விடுகிறது.

கேஸ் குறைந்தால் சத்தமே வராதா என்றால், வரும். இன்டோரில் விடாமல் சீறும் ஓசையோ சலசலப்போ கேட்கலாம். ஆனால் அது தனியாக வராது. அறை குளிராது, காயிலில் பனி படியும், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். பனி மட்டும் படிந்தால் அதற்கு அழுக்கு ஃபில்டரும் காரணமாக இருக்கலாம்.

அழுத்தம் காட்டும் மீட்டரை வைத்து, “கேஜே குறைவா காட்டுது சார்” என்ற வாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. ஃபில்டரும் காயிலும் அடைத்திருந்தால் கேஸ் முழுதாக இருந்தும் அழுத்தம் இறங்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாற மாற முள்ளும் மாறும். நம்பத்தக்க அளவு எடைதான். அவுட்டோரில் ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸின் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். கசிவை அடைத்து, குழாயை வேக்யூம் செய்து, சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவுக்கு ஏற்றுவதே முறை.

“ஏத்தி வைப்போமே, என்ன கெட்டுப்போகுது” என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு. அளவு மிஞ்சினால் ஆவி மட்டுமே போகவேண்டிய கம்ப்ரசருக்குள் திரவம் புகுந்து இடிக்கும். இல்லாத சத்தம் அப்போது உண்மையாகவே பிறக்கும். கசிவை அடைக்காமல் ஏற்றினால் அத்தனையும் காற்றில் கலக்கும். புதிய ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்-32, எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அது மெல்லத் தீப்பற்றும் தன்மையும் கொண்டது.

இன்னொரு தீர்ப்பும் அடிக்கடி சொல்லப்படுகிறது: அவுட்டோர் ‘உம்ம்’ என்று முனகி, ‘டக்’கென்று நின்றால் கம்ப்ரசர் போய்விட்டதாம். இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் முதலில் பார்க்கவேண்டியது கெப்பாசிட்டரை. சில நூறு ரூபாய்ப் பொருள் வலுவிழந்ததால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறலாம். வோல்டேஜ் இறங்கினாலும் இதே முனகல்தான். அவுட்டோரை நீங்களே திறந்து பார்க்கக்கூடாது. கரண்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

உடனே எம்சிபியை அணைக்கவேண்டிய சத்தங்களும் உண்டு. கருகல் வாடையோடு படபடவெனப் பொறி தெறிக்கும் ஓசை ஒன்று. இரும்போடு இரும்பு உராயும் ஓசை மற்றொன்று. இவற்றில் தாமதம் கூடாது.

அடுத்த முறை மெக்கானிக் “கேஸ் இறங்கிடுச்சு” என்று சொன்னால், கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சோப்பு நுரை தடவினால் அங்கே குமிழி வரும். காட்ட முடியவில்லை என்றால், ஃபில்டரையும் ப்ளோயரையும் கழுவச் சொல்லி, அதற்கான பணத்தை மட்டும் கொடுங்கள்.